எலிக் கூண்டிலிருந்து பி மதிப்பு வரை

கேள்வி: வணக்கம் மேடம். நான் நரம்பியல் துறையில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. கருவுற்ற சுண்டெலிகளை மன அழுத்தத்துக்கு உட்படுத்தி, அவை ஈன்ற குட்டிகள் வளர்ந்ததும் அவற்றின் பயத்தையும் நினைவாற்றலையும் சோதித்தோம். அழுத்தக் குழுவில் மூன்று தாய்களின் 12 குட்டிகள், கட்டுப்பாட்டுக் குழுவில் வேறு மூன்று தாய்களின் 12 குட்டிகள். பேப்பரைப் படித்த ரிவ்யூவர், புள்ளியியல் விவரங்கள் போதாது, எது சோதனை அலகு, ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை எலிகள் என்று தெளிவாக எழுதுங்கள் என்கிறார். ‘கேட்பவர்களுக்குத் தரவு தரப்படும்’ என்று எழுதியிருந்தோம். அது போதாது, மூலத் தரவைப் பொதுவில் வையுங்கள் என்கிறார் எடிட்டர். பயத்தை அளக்கும் பிளஸ் மேஸ் என்ற உயரமான கூட்டல் குறி வடிவ மேடையிலிருந்து விழுந்த இரண்டு எலிகளைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தோம், அதைப் பற்றியும் கேட்கிறார்கள். என் கைடு, ‘இவர்கள் நம்மைச் சந்தேகப்படுகிறார்கள், வேறு ஜர்னலுக்கு அனுப்பிவிடலாம்’ என்கிறார். தரவைக் கொடுத்தால் யாராவது முந்திக்கொண்டு எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. வீடியோ மட்டுமே 300 ஜிபி இருக்கிறது. பேப்பரை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் பேப்பரை முழுவதும் படித்தேன். வேறு ஜர்னலுக்கு இப்படியே அனுப்பாதீர்கள். ரிவ்யூவர் கேட்டிருப்பது நியாயமான கேள்விகள். அதிலும் முதல் கேள்வி உங்கள் முடிவின் அடித்தளத்தையே தொடுகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அழுத்தம் கொடுத்தது யாருக்கு? குட்டிகளுக்கு இல்லை, தாய்களுக்கு. ஒரு தாய் அழுத்தக் குழுவுக்குப் போனால் அவள் வயிற்றில் இருக்கும் எல்லாக் குட்டிகளும் கூடவே போகின்றன. ஒரே கருப்பை, ஒரே பால், ஒரே கூடு, ஒரே தாயின் கவனிப்பு. ஒரே ஈற்றில், அதாவது ஒரு தாயின் ஒரே பிரசவத்தில், பிறந்த நான்கு குட்டிகள் நான்கு தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. குழுவுக்கு 12 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அழுத்தத்தைப் பெற்றவை எத்தனை என்று கேட்டால் விடை 3தான். ரிவ்யூவர் ‘சோதனை அலகு எது’ என்று கேட்டதன் பொருள் இதுவே.

இது உங்கள் ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. கருவுற்ற எலிக்கு வால்ப்ரோயிக் அமிலம் கொடுத்து, ஆட்டிசத்தை ஒத்த நடத்தையைக் குட்டிகளில் பார்ப்பது பிரபலமான ஒரு முறை. அதில் வெளியான 34 ஆய்வுகளை லாசிக், எஸ்ஸியூ என்ற இருவர் 2013-இல் எடுத்துப் பார்த்தார்கள். ஈற்றுதான் அலகு என்று சரியாகப் புரிந்துகொண்டு கணக்குப் போட்டவை 3. அதாவது 9 சதவீதம். அவர்கள் ஆராய்ந்த தரவில், சில நடத்தைகளில் காணப்பட்ட வேறுபாட்டில் 61 சதவீதம் வரை எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பதிலிருந்தே வந்தது. மருந்தின் விளைவைவிட ஈற்றின் விளைவு பெரிது! இதைப் படித்தபிறகு ஈற்றைக் கணக்கில் சேர்க்காத ஒரு பேப்பரை எப்படி நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்ணாகவும் பார்த்துவிடலாம். 24 குட்டிகளையும் தனித்தனி என்று கொண்டு, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனை போட்டால் டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் (கணக்கில் தனித்தனியாக நிற்கும் தகவல்களின் எண்ணிக்கை) 22. வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று வழக்கமான 5 சதவீத வரம்பில் சொல்ல டி மதிப்பு 2.07-ஐத் தாண்டினால் போதும். ஆறு தாய்கள் என்று கொண்டால் டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் 4. தாண்ட வேண்டிய வரம்பு 2.78 ஆகிவிடுகிறது. அதோடு, ஈற்றுக்கு ஈற்று உள்ள வேறுபாடு இப்போது பிழைக் கணக்கில் சேர்வதால் டி மதிப்பும் பெரும்பாலும் குறையும். எலியைத் திறந்த பெட்டியில் விட்டு நடமாட்டத்தைப் பார்க்கும் உங்கள் ஓப்பன் ஃபீல்ட் சோதனையின் முடிவில் டி 2.3 என்று இருக்கிறது. அது இதில் நிற்பது கடினம்.

இதற்கு, ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் கொள்ளும்படி ஈற்றை ரேண்டம் விளைவாகச் சேர்த்த மிக்ஸ்டு மாடல் போடலாம், அல்லது ஒவ்வொரு ஈற்றுக்கும் சராசரி எடுத்து மூன்றுக்கு மூன்று ஒப்பிடலாம். உங்கள் அமைப்பில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். மாடலை மாற்றினால் மூன்று தாய்கள் ஆறாக மாட்டார்கள். வாய்ப்பிருந்தால் இன்னும் சில ஈற்றுகளைச் சேருங்கள். ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் போதும். ஒரே தாயின் ஆறு குட்டிகளைச் சோதிப்பதைவிடப் புதிய தாயின் ஒரு குட்டி அதிகம் சொல்லும். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கூடுதல் எண்ணிக்கைக்கு அனுமதி கேட்கும்போது இந்தக் காரணத்தை அப்படியே எழுதலாம். நேரமோ பணமோ இல்லை என்றால், இருக்கும் முடிவை முதற்கட்ட ஆய்வு என்ற பெயரோடு, குழுவுக்கு மூன்று ஈற்று என்று தலைப்புக்குக் கீழேயே தெரியும்படி வெளியிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்றைப் பன்னிரண்டு என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

அடுத்து உங்கள் வாட்டர் மேஸ் வரி, அதாவது நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எலி நினைவில் வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை. ‘எஃப் (1, 118)’ என்று இருக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் அந்த இரண்டாவது எண்ணை, அதாவது பிழைக்கான டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடத்தைப் பார்த்தே ரிவ்யூவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். 24 எலிகள், ஐந்து நாள், மொத்தம் 120 அளவீடு. 120-இல் 2 போனால் 118. ஆக, ஒரே எலியின் ஐந்து நாள் அளவீடுகளை ஐந்து வெவ்வேறு எலிகள் போலக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஒரே எலியைத் திரும்பத் திரும்ப அளந்ததற்கான அனோவாவாக (சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) இருந்தால் குழுவுக்கு எஃப் (1, 22), நாளுக்கும் குழு-நாள் ஊடாட்டத்துக்கும் (குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் நாளுக்கு நாள் மாறுகிறதா என்பது) எஃப் (4, 88) என்று வந்திருக்கும். அதுவும் ஈற்றைச் சேர்ப்பதற்கு முந்தைய கணக்கு. டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடத்தை எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். எத்தனை எலி, எதை அலகாகக் கொண்டார்கள், ஏதாவது விடுபட்டதா என்று மூன்றையும் அந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் கேட்கிறார்கள்.

இப்போது விழுந்த எலிகள். இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பிளஸ் மேஸில் விழுந்த எலியை நீக்குவது பல ஆய்வகங்களில் வழக்கம்தான். ஆனால் விழுவது எந்த எலி? சுவர் இல்லாத திறந்த கைக்குத் துணிந்து போன எலி. சுவருள்ள கையிலேயே ஒண்டிக்கிடந்த எலி விழ வாய்ப்பே இல்லை. ஆக, விழுந்தவற்றை நீக்கினால் துணிச்சலான எலிகளை நீக்குகிறோம். எந்தக் குழுவிலிருந்து நீக்கினீர்கள் என்று பேப்பரில் இல்லை, எலிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் ‘என் = 10–12’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் அழுத்தக் குழுவில் திறந்த கைக்குள் நுழைந்த தடவைகளின் சராசரி 5.30 என்று கொடுத்திருக்கிறீர்கள். நுழைந்த தடவை முழு எண். 12 எலிகளின் முழு எண்களைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் 5.25 வரும், 5.33 வரும், 5.30 வராது. 11 எலிகளுக்கு 5.27, 5.36 வரும், 5.30 வராது. 10 எலிகளுக்கு வரும். அப்படியென்றால் நீக்கிய இரண்டுமே அழுத்தக் குழுவைச் சேர்ந்தவை. அழுத்தம் பயத்தைக் கூட்டுகிறது என்பது உங்கள் முடிவு. அந்தக் குழுவிலிருந்து துணிச்சலான இரண்டு எலிகள் வெளியே போயிருக்கின்றன.

நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் இதை ஒரு ரிவ்யூவர் தானாகக் கண்டுபிடிப்பதற்கும் நீங்களே எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. எந்தக் குழு, எத்தனை, ஏன், நீக்குவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே வைத்திருந்தீர்களா, முடிவெடுத்தவருக்கு எலி எந்தக் குழு என்று தெரியுமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த எலிகளையும் சேர்த்த முடிவை, விழும் வரையிலான நேரத்தை வைத்தாவது, பக்கத்திலேயே கொடுங்கள். இரண்டு விதத்திலும் முடிவு ஒன்றாக இருந்தால் உங்களுக்கு நல்லது. மாறினால், அந்த முடிவு இரண்டு எலிகளின் தயவில் நின்றது என்று தெரிந்துகொள்வீர்கள்.

இன்னொரு இடம். ஆண் எலிகளில் பி மதிப்பு (விளைவே இல்லை என்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03, பெண் எலிகளில் 0.12, ஆகவே விளைவு ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ‘ஆகவே’ செல்லாது. ஒன்று வரம்பைத் தாண்டியது, இன்னொன்று தாண்டவில்லை என்பதால் இரண்டும் வேறு வேறு என்று ஆகிவிடாது. பாலினத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள ஊடாட்டத்தை, அதாவது அழுத்தத்தின் விளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்பதை, நேரடியாகச் சோதிக்க வேண்டும். நியூவென்ஹாய்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் 2011-இல் முன்னணி இதழ்கள் ஐந்தில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளைப் பார்த்தார்கள். இந்தத் தவறுக்கு இடமிருந்தவை 157. அவற்றில் 78 சரியாகச் செய்திருந்தன, 79 தவறு செய்திருந்தன. பெரிய பெயர்களே பாதிக்குப் பாதி வழுக்கிய இடம் என்பதால் நீங்கள் மனம் உடைய வேண்டாம். திருத்திவிடுங்கள், போதும்.

மற்ற சிறு திருத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பி < 0.05’ என்பதற்குப் பதில் பி எவ்வளவோ அதை எழுதுங்கள், வித்தியாசத்தின் அளவையும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் சேருங்கள். பிழைக் கோடு திட்ட விலக்கமா (எலிக்கு எலி உள்ள சிதறல்) திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று எந்தப் படத்திலும் இல்லை. உதாரணமாக எட்டு எலிகள் என்றால் திட்ட விலக்கம் திட்டப் பிழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, எனவே சொல்லாமல் விட முடியாது. பார் கிராஃபை எடுத்துவிட்டு ஒவ்வொரு எலிக்கும் ஒரு புள்ளி வையுங்கள், ஈற்று வாரியாக நிறம் மாற்றுங்கள். எலியின் இனத்தை வெறும் ‘சி57’ என்று எழுதியிருக்கிறீர்கள். 6ஜே, 6என் என்ற இரண்டு கிளைகளுக்கும் மரபணுவிலும் நடத்தையிலும் வேறுபாடு உண்டு. எது, எங்கிருந்து வாங்கியது என்று எழுதுங்கள். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் 2.0 என்று 2020-இல் வந்த வழிகாட்டியில் முதன்மையான பத்து அம்சங்கள் இருக்கின்றன. அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சோதனை செய்தவர் யார், எந்த நேரத்தில் என்பதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். 1999-இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் ஒரே இன எலிகளை வைத்து, ஒரே கருவிகளோடு, ஒரே நாளில் தொடங்கி, ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட் என்று மூன்று ஊர்களில் ஒரே சோதனைகளைச் செய்தார்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அப்படியும் சில நடத்தைகளில் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. பிளஸ் மேஸ் அதில் முக்கியமானது. 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகிலின் குழு இன்னொன்றைக் காட்டியது. அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தால், அவருடைய வாசனை பட்டாலே எலிகளுக்கு அழுத்தம் ஏறி வலி உணர்வு மட்டுப்படுகிறது. நீங்கள் அளப்பது அழுத்தத்தின் விளைவை. கட்டுப்பாட்டுக் குழுவை ஒருவரும் அழுத்தக் குழுவை இன்னொருவரும் சோதித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தரவுக்கு வருவோம். எடிட்டர் உங்களைச் சந்தேகிக்கிறார் என்று கைடு நினைக்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. பல வருடம் உழைத்தவரிடம் ‘கணக்கைக் காட்டு’ என்றால் மனம் நோகும். ஆனால் எடிட்டர்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் சுயோஷி மியாகாவா உங்கள் துறைக்காரர், எலி நடத்தை ஆய்வில் பெயர் பெற்றவர். அவர் ‘மாலிக்யூலர் பிரெய்ன்’ இதழின் தலைமை எடிட்டராக இருந்தபோது கையாண்டவற்றில் 41 பேப்பர்களுக்கு, ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் மூலத் தரவைக் கொடுங்கள் என்று கேட்டார். 21 பேர் பேப்பரையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி 20-இல் 19 பேப்பர்களைத் தரவு போதாமலோ பொருந்தாமலோ அவர் நிராகரித்தார். தேறியது ஒன்று. 2020-இல் இதை அவர் வெளியிட்டார். அந்த 40 பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலருடைய கோப்புகள் தொலைந்திருக்கும், சிலருக்கு ஒழுங்குபடுத்தச் சோம்பலாக இருந்திருக்கும். ஆனால் படிப்பவருக்கு எது எது என்று பிரித்தறிய வழியில்லை. அதுதான் சிக்கல்.

‘கேட்டால் தருவோம்’ என்ற வாசகத்தின் கதையும் இப்படித்தான். அந்த வகை வாசகம் போட்ட கட்டுரைகளின் ஆசிரியர்கள் 1,792 பேருக்கு 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உண்மையாகவே கடிதம் போட்டுக் கேட்டார்கள். தரவு கொடுத்தவர்கள் 6.8 சதவீதம். இந்த ஆசிரியர்களும் எழுதும்போது கொடுக்கும் எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். மாணவர் படிப்பை முடித்துப் போய்விடுவார், லேப்டாப் மாறும், மின்னஞ்சல் முகவரி செத்துவிடும். நீங்களும் இன்னும் இரண்டு வருடத்தில் அந்த ஆய்வகத்தில் இருக்கமாட்டீர்கள்.

நோயாளிகளின் தரவாக இருந்தால் அந்தரங்கம் என்ற நியாயமான தடை உண்டு. சுண்டெலிக்கு அந்தத் தடை இல்லை. காப்புரிமை விண்ணப்பமோ வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தமோ இருந்தால் மட்டும் அதைக் குறிப்பிட்டு எடிட்டரிடம் பேசுங்கள். எனக்கு இதில் இன்னொரு காரணமும் முக்கியம். அந்த ஆறு தாய்களும் 24 குட்டிகளும் உயிரோடு இல்லை. அவற்றின் உயிருக்கு ஈடாக நம்மிடம் இருப்பது இந்த எண்கள் மட்டுமே. அவற்றை இன்னொருவர் தன் தரவோடு சேர்த்துப் பயன்படுத்த முடிந்தால், அங்கே சில எலிகள் பிழைக்கும். வாட்டர் மேஸ் ஆய்வுகளை 2013-இல் கேத்ரின் பட்டனும் சகாக்களும் தொகுத்துப் பார்த்தபோது ஓர் ஆய்வில் சராசரியாக 22 விலங்குகள் இருந்தன. அவர்கள் பார்த்த விளைவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கத் தேவைப்பட்டவை 134. இந்த இடைவெளியை ஒரு ஆய்வகம் தனியாக நிரப்ப முடியாது. பலருடைய மூலத் தரவு ஒன்றுசேர்ந்தால் முடியும்.

யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். இந்தப் பேப்பரில் உள்ள படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் அடியில் இருக்கும் எண்களைத்தான் கேட்கிறார்கள். அடுத்த பேப்பருக்கு வைத்திருக்கும் மூளைத் திசுத் தரவை யாரும் கேட்கவில்லை. ஸெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் வைத்தால் உங்கள் பெயரோடும் தேதியோடும் டிஓஐ எண் என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். முதலில் செய்தவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பேப்பர் வெளியாகும் நாள் வரை பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ரிவ்யூவருக்கு மட்டும் தனி இணைப்பு கொடுக்கலாம்.

300 ஜிபி வீடியோ முழுவதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஸெனோடோவில் ஒரு பதிவுக்குச் சாதாரணமாக 50 ஜிபிதான் இடம். எலி ஒவ்வொரு நொடியும் எங்கே இருந்தது என்று டிராக்கிங் மென்பொருள் தரும் கோப்புகளை வையுங்கள், அவை சிறியவை. ஒவ்வொரு சோதனைக்கும் ஓரிரண்டு மாதிரி வீடியோ சேருங்கள், மீதியை நிறுவனத்தின் சர்வரில் இரண்டு பிரதியாக வைத்து அதைப் பேப்பரில் குறிப்பிடுங்கள். இவற்றோடு முக்கியமான கோப்பு ஒரே ஒரு அட்டவணை. எலிக்கு ஒரு வரி. எலி எண், தாய் எண், ஈற்றில் எத்தனை குட்டி, பாலினம், கூண்டு, பிறந்த தேதி, சோதித்த தேதி, நேரம், சோதித்தவர், குழு, ஒவ்வொரு அளவீடும், நீக்கப்பட்டதா, ஏன். விழுந்த இரண்டு எலிகளுக்கும் அதில் வரி இருக்க வேண்டும். எக்ஸெல்லில் நிறம் பூசிப் பொருள் சொல்லாதீர்கள், சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக ஆக்கும்போது நிறம் போய்விடும். ஒவ்வொரு தலைப்பும் எதைக் குறிக்கிறது, அலகு நொடியா சென்டிமீட்டரா என்று தனியாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கணக்குப் போட்ட கணினி நிரலையும் சேருங்கள்.

கைடிடம் வெறும் கையோடு போய் ‘ரிவ்யூவர் சொல்வது சரி’ என்று சொல்லாதீர்கள். இந்த அட்டவணையையும் ஈற்றைச் சேர்த்துச் செய்த புதிய கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். ‘சார், இப்படிப் பார்த்தால் ஓப்பன் ஃபீல்ட் நிற்கவில்லை, வாட்டர் மேஸ் நிற்கிறது’ என்றோ, எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். எண்களை மேசையில் வைத்துப் பேசினால் சந்தேகம், நம்பிக்கை என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. அதன்பிறகும் அவர் வேறு ஜர்னல் என்றால், திருத்திய பேப்பரை அனுப்புங்கள். பழையதை அனுப்பினால் இதே ரிவ்யூவரிடமே அது போய்ச் சேரவும் கூடும், சிறிய துறை இது.

ரிவ்யூவருக்கு எழுதும் பதிலில் மழுப்ப வேண்டாம். சோதனை அலகை ஈற்றாக மாற்றினோம், குழுவுக்கு மூன்று, இந்த முடிவு மாறியது, இது மாறவில்லை, நீக்கிய இரண்டு எலிகளும் அழுத்தக் குழு, அவற்றைச் சேர்த்த கணக்கு இந்த அட்டவணையில், மூலத் தரவு இந்த டிஓஐ எண்ணில். அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்பாக இன்று ஒரு வேலை செய்யுங்கள். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்ற விவரம் உங்கள் எக்ஸெல்லில் இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் பேப்பரில் எங்கும் அது வரவில்லை. அனிமல் ஹவுஸின் இனப்பெருக்கப் பதிவேட்டிலும் கூண்டு அட்டைகளிலும் அது இருக்கும். பழைய கூண்டு அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே போய், அந்த மாதங்களின் பக்கங்களையும் மிஞ்சியிருக்கும் அட்டைகளையும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.